தரையில் வைத்த மரம்

என் மனைவி சந்திரகலா தரையில் ஒரு மரம் வைத்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மரம் வைப்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். சவூதியில், இந்த அல் கோபாரில் இருப்பவர்கள் கேட்க மாட்டார்கள். இங்கே நம் ஆட்கள் தரையில் எதையும் வைப்பதில்லை. கறிவேப்பிலை, துளசி, முருங்கை, ஓமவல்லி எல்லாமே தொட்டியில்தான். தொட்டி என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது; பாதிக்கு மேல் பெயிண்ட் டப்பாவும் எண்ணெய் டின்னும்தான். ஒரு குடும்பம் ஃபைனல் எக்ஸிட் வாங்கிக்கொண்டு ஊருக்கே கிளம்பினால், தொட்டிகள் பக்கத்துக் குடும்பத்துக்குப் போகும். எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அப்படிப் பல குடும்பம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தது. முதலில் வைத்த புண்ணியவதி யாரென்று யாருக்கும் தெரியாது. ஆக, தொட்டியில் வைப்பவர் போகப் போகிறவர். தரையில் வைப்பவர் போகிற எண்ணம் இல்லாதவர். எழுதி வைக்காத சட்டம் இது.

அதுவும் அவள் வைத்தது ஓக் மரம். முருங்கையென்றால் வருஷத்துக்குள் சாம்பாருக்குக் காய் கொடுத்துவிடும். ஓக் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காரப் பத்துப் பதினைந்து வருஷமாவது ஆகும். எங்கள் மகள் ஷ்ருதி பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பரீட்சை முடிந்ததும் ஏப்ரலில் மூன்று பேரும் திருச்சிக்கே போய்விடுவது என்று எப்போதோ பேசி முடித்தாகிவிட்டது. கே.கே. நகரில் வீடு கட்டிப் பூட்டிப் போட்டிருக்கிறோம். ஏப்ரலில் போகிறவள் நவம்பரில் எதற்கு ஓக் வைக்க வேண்டும்? சோழியன் குடுமி சும்மா ஆடாது.

நான் ஒரு கம்பெனியில் இன்டர்னல் ஆடிட்டர். சந்தேகம்தான் எனக்குச் சோறு போடுகிறது. சேதுராமன் சிரித்துக்கொண்டே வந்தால் பில்லை ஒளித்து வை என்று அக்கவுண்ட்ஸ் ஆட்கள் பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் என் வீட்டு முற்றத்தில் நடப்பதை விட்டுவிடுவேனா?

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாப்பிட்டுக் கண்ணயரப் போனவனை அவள் எழுப்பினாள்.

"என்னங்க, வண்டிய எடுங்க. ஒரு செடி வாங்கணும்."

தம்மாம் போகும் வழியில் கலீலுர் ரஹ்மானின் செடிக்கடை இருக்கிறது. அவர் அதிராம்பட்டினத்துக்காரர். பேச ஆரம்பித்தால் காகிதப்பூவைக்கூட வாசம் வரும் என்று விற்றுவிடுவார். ஆனால் அன்று அவர் பேசவேண்டிய தேவையே இருக்கவில்லை. சந்திரகலா நேராகப் பின்பக்கம் போய் இடுப்பளவு உயரத்தில் நின்ற ஒன்றைக் காட்டினாள். சின்ன இலை, ஓரமெல்லாம் முள், மேலே பச்சை, அடியில் சாம்பல் நிறம்.

"ஸ்பெயின்லேர்ந்து வந்த ஓக் மேடம். இலை உதிராது, வெயிலுக்கு அசையாது. ரெண்டு கோடை தாண்டிட்டா உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும்," என்றார் கலீலுர் ரஹ்மான்.

"வேப்ப மரம் இல்லையா?" என்று கேட்டேன்.

"அதுவும் இருக்கு சார். ஆனா மேடம் போன வாரமே வந்து இதைத்தான் சொல்லி வச்சாங்க."

போன வாரமே. எனக்குத் தெரியாமல், டாக்ஸி பிடித்து வந்திருக்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் செடியை வண்டியில் ஏற்றினேன். ஆடிட்டில் முதல் பாடம், தெரிந்ததைத் தெரியாத மாதிரி வைத்துக்கொள்வது.

இங்கே என் பக்கத்து விஷயம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ஆகஸ்டில் எங்கள் பெரிய மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இன்னும் மூன்று வருஷம் இருக்க முடியுமா என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். சந்திரகலாவிடம் சொல்லவில்லை. மறைத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது, நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும்போது வீட்டில் எதற்குச் சண்டை? இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் பர்சனல் டிபார்ட்மெண்ட் சதீஷ்குமார். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறான். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று அவன் அம்மா மேல் சத்தியம் செய்திருந்தான்.

ஏன் சரி என்றேன் என்று கேட்டால், பயம்தான். இங்கே நான் உள்ளே நுழைந்தால் ஒரு ஹாலே பேச்சை நிறுத்துகிறது. திருச்சியில் நான் யார்? காலையில் பால் பாக்கெட் வாங்கப் போகிறவன், சாயங்காலம் மகளுக்கு வரன் தேடி ஜாதகம் பார்க்கிறவன்.

ஆகவே ஓக் மரத்தைப் பார்த்ததும் வந்த சந்தேகம், வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே இனிக்க ஆரம்பித்துவிட்டது. இவளுக்கும் ஊருக்குப் போக இஷ்டமில்லை. அதைச் சொல்லத் தயங்கிக்கொண்டு மரம் வைக்கிறாள். அப்படியென்றால் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. நான் எதையும் சொல்லவே வேண்டாம். அவள் வாயாலேயே "இருந்துடலாங்க" என்று வரவழைத்து, போனால் போகிறதென்று விட்டுக்கொடுக்கிற புருஷனாக நான் நிற்கலாம். அதற்குச் சாட்சியம் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான்.

முற்றத்தில் மேற்குப் பக்கம், என் அறை ஜன்னலுக்கு நேரே இடம் பார்த்தாள். அந்தச் சுவர் மத்தியானத்துக்குமேல் தோசைக்கல்லாகக் காயும். லீவு நாளில் நான் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்காருவது அங்கேதான்.

"ஷ்ருதி ரூம் பக்கம் வைக்கலாமே. அங்கயும் வெயில்தானே," என்றேன்.

"அவளுக்கு எதுக்கு?" என்றாள்.

குழி தோண்டியது நான். ஆழம் போதும், அகலமாகத் தோண்டுங்கள் என்று விரட்டினாள். எரு போடவா என்றால் வேண்டாமாம். குழிக்குள் சுகம் கண்டால் வேர் வெளியே போகாதாம். தோண்டிய மண்ணையே போட்டு மூடி, மேலே காய்ந்த ஈச்ச மட்டைத் துண்டுகளைப் பரப்பினாள். தண்டில் வெயில் நேராகப் படாமல் கோணித் துணியைச் சுற்றினாள். அடியை ஒட்டித் தண்ணீர் விடாமல், ஒரு சாண் தள்ளி வட்டமாகப் பாத்தி கட்டச் சொன்னாள். மரம் பெருக்கப் பெருக்க அந்த வட்டத்தையும் தள்ளிக்கொண்டே போக வேண்டுமாம்.

"இனிமே தண்ணி உங்க டியூட்டி," என்றாள்.

"நான் எதுக்கு? நீதானே ஆசைப்பட்டு வச்ச."

"பழகிக்கங்க."

இதையும் மனதில் குறித்துக்கொண்டேன். வேரூன்றப் போகிறவள் புருஷனையும் சேர்த்து இழுக்கிறாள் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது முதல் விசாரணையை ஆரம்பித்தேன்.

"இது எப்ப கலா நிழல் தரும்?"

"நீங்க ஒழுங்கா தண்ணி ஊத்துனா தரும்."

"இல்ல, நாம ஏப்ரல்ல..." என்று இழுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஏப்ரல்ல?" என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

அப்படி அவள் பார்ப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ஏப்ரல்ல வெயில் ஆரம்பிச்சிடும்னு சொல்ல வந்தேன்," என்றேன்.

அவள் மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்தாள். பிறகு, "ஆமா, ஆரம்பிச்சிடும்," என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த சாட்சி ஷ்ருதி. புத்தகத்துக்குள் தலையைவிட்டுக்கொண்டிருந்தவளிடம், அம்மாவுக்கு ஊருக்குப் போக இஷ்டம் இல்லையோ என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"அப்பா, ஜஸ்ட் ஆஸ்க் ஹர்," என்றாள், தலையைத் தூக்காமல்.

"கேட்டா சொல்ல மாட்டேங்கறாளே."

"நீங்க கேக்கவே இல்லப்பா. யூ ஆர் ஜஸ்ட் செக்கிங்." ஹெட்ஃபோனை எடுத்து மாட்டிக்கொண்டாள். தாயும் மகளும் கூட்டு என்று எனக்கு உறுதியானது.

டிசம்பரில் சந்திரகலாவுக்குப் போன் வர ஆரம்பித்தது. அவள் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். போன் வந்தால் முற்றத்துக்குப் போய், ஓக்குக்குப் பக்கத்தில் நின்று தணிந்த குரலில் பேசுவாள். ஒரு நாள் துண்டு காயப்போடுகிற சாக்கில் பின்னாலேயே போனேன். "சரிங்க மேடம், ஜூன்லயே சேர்ந்துக்கறேன்," என்பது மட்டும் காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் பேச்சை முடித்துவிட்டாள். வேறு பள்ளிக்கு மாறப் போகிறாள், ஆக இங்கேயே இருக்கத்தான் திட்டம் என்று கணக்குப் போட்டேன். என்னால் சிரிப்பைக்கூட அடக்க முடியவில்லை.

ஜனவரியில் ஓக்கின் இலை ஓரம் தீய்ந்தது. எனக்குப் பக்கத்து வீட்டுப் பூனைமேல் சந்தேகம். அதன் பிறகு அந்த வீட்டுக்காரன் மேலேயே சந்தேகம். கார் கழுவுகிற சோப்புத் தண்ணீரை இந்தப் பக்கம் தள்ளிவிடுகிறான் என்று நினைத்தேன். இரண்டு நாள் காலையில் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று காவல் காத்தேன். சந்திரகலா வந்து பாத்தியில் விரலைவிட்டுப் பார்த்தாள்.

"தினம் ஊத்துறீங்களா?"

"தினமும்தான். ஒரு நாள் விடல."

"எவ்வளவு?"

"ஒரு மக்."

"அதாங்க தப்பு. நம்ம தண்ணியில உப்பு. தினம் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சா உப்பு மேலயே தங்கிடும். பத்து நாளைக்கு ஒரு தடவை ஊத்துங்க, ஊத்துனா நிறைய ஊத்துங்க, உப்பு கீழ இறங்கட்டும். மே மாசத்துக்கப்புறம் டேங்க் தண்ணியத் தொடவே தொடாதீங்க, வேர் வெந்துடும். ஏசி தண்ணிய டிரம்ல பிடிச்சு வச்சு விடியக்காலைல ஊத்தணும். ஞாபகம் இருக்குமா?"

"நீ சொன்னா போச்சு."

"நான் சொல்லாட்டியும் செய்யணும்," என்றாள்.

அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமைகளில் என்னை அடுப்படியில் நிறுத்தினாள். ரசத்துக்குப் புளி எவ்வளவு, குக்கரில் எத்தனை விசில், இட்லி மாவு பொங்கி வழியாமல் எந்தப் பாத்திரம் என்று பாடம் நடந்தது. வயசாகிறது, கற்றுக்கொள்ளுங்கள் என்றாள். வாட்ஸ்அப்பில் யாரோ ஏதோ அனுப்பியிருப்பார்கள் என்று நானும் பொறுத்துக்கொண்டேன்.

பிப்ரவரி கடைசியில் தொட்டிகள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. ஓமவல்லி போனது, முருங்கை போனது. ஒரு சனிக்கிழமை சதீஷ்குமாரே வந்து கறிவேப்பிலைத் தொட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு போனான். பின்னால் அவன் மனைவி பிருந்தா துளசியோடு போனாள். எதற்கு இதெல்லாம் என்று கேட்டதற்கு, "பார்த்துக்க ஆள் வேணாமா," என்றாள் சந்திரகலா. தரையில் மரம் வந்துவிட்டது, இனித் தொட்டி எதற்கு என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். சதீஷ்குமார் மட்டும் போகும்போது என் தோளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். அதை அன்றைக்கு நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் பிறந்தது. ஷ்ருதியின் கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் சாயங்காலம் முற்றத்தில் நாற்காலி போட்டேன். டீ நானே போட்டேன். அந்த அளவுக்குத் தேறியிருந்தேன். மேற்கு வெயில் எங்கள் காலில் விழுந்தது. ஓக் இரண்டு விரல்கடை துளிர்விட்டிருந்தது.

"கலா, மனசுவிட்டுச் சொல்லு. ஊருக்குப் போக உனக்கு இஷ்டமில்லதானே?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உனக்காக வேணா நான் விட்டுக்கொடுக்கறேன். ஒரு மூணு வருஷம் இருந்துட்டுப் போவோம்."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான். வேற யாருக்கு? நீதானே மரத்தைத் தரையில வச்ச."

"மரம் எனக்கு இல்லைங்க. உங்களுக்கு."

எனக்குப் புரியவில்லை. அவள் மரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரல் உயரவில்லை.

"நவராத்திரிக்கு பிருந்தா வீட்டுக் கொலுவுக்குப் போனேன்ல. சுண்டலக் கையில குடுத்துட்டு, சாருக்கு மூணு வருஷம் எக்ஸ்டென்ஷனாமே, ட்ரீட் எப்பன்னு கேட்டா. அத்தனை பேர் இருந்தாங்க. நானும் சிரிச்சுக்கிட்டு, சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன்."

சதீஷ்குமார் அம்மா மேல் சத்தியம் செய்தான். பெண்டாட்டியை அதில் சேர்க்க நான் மறந்துவிட்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று அது நினைக்குமாம். நான் அந்தப் பூனையைவிட நன்றாகவே மூடிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். தீபாவளிக்குச் சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இந்த மரம் வச்ச அன்னைக்கு ஏப்ரல்லன்னு ஆரம்பிச்சீங்க, இதோ சொல்லப் போறாருன்னு நினைச்சேன். வெயிலப் பத்திச் சொன்னீங்க."

"பரீட்சை முடியட்டும்னு..."

"பரீட்சை அவளுக்கு. எனக்குச் சொல்றதுக்கு என்ன?"

அவள் தொடர்ந்து சொன்னாள்.

"திருச்சியில ஒரு ஸ்கூல்ல எடுத்துக்கிட்டாங்க. ஜூன்ல சேரணும். எனக்கும் ஷ்ருதிக்கும் டிக்கெட் போட்டாச்சு. நீங்க இருங்க. உங்களுக்கு இங்க இருக்கத்தான் பிடிச்சிருக்கு, அதைத் தப்புன்னு நான் சொல்லல. ஆனா மத்தியானம் அந்த ஜன்னல்கிட்ட ஒத்தையா உக்காந்திருப்பீங்க. நிழல் வேணும்ல. மூணு வருஷம் ஆறு வருஷமாகும், ஆறு பத்தாகும். உங்கள எனக்குத் தெரியாதா? அதான் ரொம்ப காலம் நிக்கிற மரமாப் பார்த்து வாங்கினேன்."

"கோவத்துல பேசற."

"கோவம் இருக்கு. கோவத்துல மட்டும் மரம் வைக்க முடியாதுங்க."

இத்தனை மாதமும் அவள் எனக்கு எதிரில்தான் மூட்டை கட்டியிருக்கிறாள். தொட்டி போனது, ரசம் வந்தது, தண்ணீர் ஊற்றுகிற வேலை என் கைக்கு வந்தது. எல்லாச் சாட்சியமும் என் கையில் இருந்தது. தீர்ப்பை மட்டும் எனக்கு வசதியாக எழுதிக்கொண்டேன்.

"நானும் வந்துடறேன் கலா," என்றேன்.

"எப்ப?"

இன்றைக்கே, இந்த டிக்கெட்டிலேயே என்று சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் வாயைத் திறந்தேன். "அடுத்த..." என்று வந்தது. வந்ததை நானும் கேட்டேன், அவளும் கேட்டாள்.

அவள் சிரித்தாள். கேலியாக இல்லை, களைத்துப்போன சிரிப்பு. "எக்ஸிட் அடிக்கிறது மட்டும்தான் பாக்கி. அதை நீங்கதான் செய்யணும். எங்களுக்குக் கஃபீல் நீங்கதானே," என்று என் போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

இந்த நாட்டில் மனைவி பிள்ளைகளுக்குப் புருஷன்தான் கஃபீல், சட்டப்படி பொறுப்பாளி. அவன் விரல் வைக்காமல் அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர முடியாது. நான் வைக்காமல் இருந்திருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம், நெட் இல்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று ஆயிரம் காரணம் எனக்கு வரும். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் எதுவும் கேட்காமல், எதிரே நின்றுகொண்டிருந்தாள். ஷ்ருதி கதவருகில் வந்து நின்றாள்.

போனில் அரசாங்க ஆப்பைத் திறந்து சந்திரகலாவின் பெயரை அழுத்தினேன். ஷ்ருதியின் பெயரை அழுத்தினேன். என் பெயரை நானே அழுத்திக்கொள்ள முடியாது. எனக்குக் கஃபீல் கம்பெனி. அந்தச் சாக்கு அன்றைக்கும் எனக்கு உதவியது.

இப்போது ஜூன். விடிவதற்கு முன்னால் எழுந்து ஏசித் தண்ணீர் டிரம்மிலிருந்து பக்கெட்டில் மொண்டு பாத்தி நிறைய ஊற்றுகிறேன். வட்டத்தை ஒரு கை அகலம் தள்ளி வெட்டிவிட்டேன். மத்தியானத்தில் மரத்தின் நிழல் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு விழுகிறது. ஜன்னல் வரைக்கும் வர நாளாகும்.

போன வெள்ளிக்கிழமை ஜுபைலிலிருந்து மாற்றலாகி வந்த பாலகுரு என்பவர் வாசலில் நின்றார். எதிர் வரிசையில் குடி வந்திருக்கிறார். குடும்பம் அடுத்த வாரம் வருகிறதாம்.

"சார், கறிவேப்பிலைத் தொட்டி ஏதாவது இருக்குமான்னு கேட்டா, உங்க வீட்டைக் காட்டுனாங்க."

"தொட்டியெல்லாம் போயிடுச்சு தம்பி. இது ஒண்ணுதான் இருக்கு. எடுத்துக் குடுக்க முடியாது."

அவர் உள்ளே வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தார். கோணித் துணியைத் தொட்டுப் பார்த்தார். "தரையிலயே வச்சிருக்கீங்களே. யார் சார் வச்சது?"

"எங்க வீட்ல."

"அவங்க இல்லீங்களா?"

"ஊருக்குப் போயிருக்காங்க."

பாலகுரு சிரித்தார். பல வருஷம் இங்கே குப்பை கொட்டியவர் என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

"அப்ப சீக்கிரம் வந்துடுவாங்க சார். வராதவங்க தரையிலயா வைப்பாங்க?"

நான் அவரைத் திருத்தவில்லை. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். குடிக்கிறேன் என்றார். நன்றாகத்தான் போட்டேன்.